கறுப்புக் காரும் வெள்ளைச் சுவரும்

கானாடுகாத்தானில் நண்பர் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தபோது ஒரே விளக்கை இரண்டு இடங்களில் கண்டேன். முகப்பில் எரிந்த குண்டு பல்பு, எதிரே நின்ற என் கறுப்புக் காரின் பானெட்டில் சின்ன நிலவாக விழுந்திருந்தது. அதே பல்பு என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரிலும் தெரிந்தது. அங்கே அது நிலவாக இல்லை. பாலில் கரைந்ததுபோல நீண்டு, விளிம்பு மங்கிக் கிடந்தது. காருக்கு முந்தைய வாரம்தான் மெழுகு போட்டிருந்தேன். சுவருக்கு யாராவது கடைசியாக எதையாவது போட்டு நூறு ஆண்டு ஆகியிருக்கும்.

காருக்கு வாக்ஸ் போடுவதையும், அந்தச் சுவரில் இருக்கும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சான முட்டைப் பூச்சையும் ஒரே தராசில் நிறுத்துவது முதல் பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஒன்று ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. மற்றொன்று தலைமுறைக் கைவினை. ஒன்று உலோகத்தின் மேல் நடப்பது. மற்றொன்று செங்கல்லின் மேல். ஆனால் தமிழில் இந்த ஒப்பீட்டுக்கு வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. மெழுகு என்பது பெயர்ச்சொல்லானால் தேனடையிலும் டப்பாவிலும் இருக்கும் பொருள். வினைச்சொல்லானால் தரையைப் பூசி வழவழப்பாக்கும் செயல். மொழி ஒன்றாகக் கண்ட இரண்டையும் நாமும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அந்த பல்பு ஏன் இரண்டு இடத்திலும் இரண்டு விதமாகத் தெரிந்தது என்பதைத் தீர்த்துக்கொள்வோம். காரின் மேற்பூச்சான நிறமற்ற கிளியர் கோட்டின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத்தான் அது கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். காற்றை உண்டு கல்லாகிவிட்ட சுண்ணாம்பின் எண் 1.6ஐ ஒட்டியது, அது திருப்புவது 5 பங்கு. ஆக, கண்ணாடித்தன்மை என்ற கணக்கில் காரைவிடச் சுவருக்கு ஒரு படி அதிகமாகவே கிடைக்க வேண்டும். கண் சொல்வது வேறு. காரணம், மீதி 95 பங்கு என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. கறுப்புக் கார் அதை விழுங்கிவிடுகிறது. வெள்ளைச் சுவரோ அதில் பெரும்பகுதியை எல்லாத் திசையிலும் வாரி இறைக்கிறது. இருட்டறையில் ஏற்றிய அகல் போலக் காரில் அந்த 4 பங்கு தனித்து நிற்கிறது. பகல் வெளிச்சத்தில் ஏற்றிய அகல் போலச் சுவரில் அந்த 5 பங்கு கரைந்துபோகிறது.

இதிலிருந்து நான் எடுக்கும் முதல் தீர்ப்பு காரோட்டிகளுக்குக் கொஞ்சம் கசக்கும். கறுப்புக் காரில் முகம் பார்ப்பது பெரிய வித்தை அன்று. நிறமே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. வெள்ளைப் பரப்பில் விளக்கின் வடிவத்தைக் கொஞ்சமாவது நிறுத்திக் காட்டுவதுதான் வித்தை. என் காரைத் தேய்த்துக் கொடுக்கும் தம்பி இதை ஒளியியல் படிக்காமலே ஒரு வரியில் சொன்னார்: “வெள்ள வண்டிக்கு எவ்வளவு போட்டாலும் பளிச்சுன்னுதாண்ணே இருக்கும், கண்ணாடி மாதிரி வராது.” அவர் ‘வராது’ என்று கைவிட்ட இடத்தில்தான் செட்டிநாட்டுக் கொத்தனார் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

இனி அடுக்குகளுக்கு வருவோம். சுவரில் அடியில் இருப்பது கரடான சுண்ணாம்புச் சாந்து. அதன் மேல் அதைவிட நயமான மணல் கலந்தது. அதற்கு மேல் இன்னும் நயமானது. கடைசியில், மணலே இல்லாமல், கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, ஊறவைத்து, வெண்ணெய் பதத்துக்கு அரைத்த சிப்பிச் சுண்ணாம்பு. அதில்தான் வெள்ளைக்கரு சேர்கிறது. அந்தக் கடைசிப் பூச்சு மிக மெல்லியது. காரிலும் இதே ஏணிதான்: தகட்டின் மேல் துரு காக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் 40, 50 மைக்ரான் கனத்தில் கிளியர் கோட். ஒரு தலைமுடியின் பருமனை விடவும் மெல்லிய அந்தத் தோலில்தான் நாம் காணும் ஆழமெல்லாம் இருக்கிறது. இரண்டு தொழிலும் கரடில் தொடங்கி நயத்தில் முடிகின்றன. இரண்டிலும் கீழ் அடுக்கில் விட்ட பிழை மேல் அடுக்கில் மறைவதில்லை, பெரிதாகத்தான் தெரியும்.

ஏணி ஒன்றானாலும் ஏறும் திசை வேறு. கொத்தனார் ஒவ்வொரு படியிலும் எதையாவது சேர்க்கிறார். கார் தேய்ப்பவர் ஒவ்வொரு படியிலும் எதையாவது எடுக்கிறார். கழுவும்போது புழுதியை எடுக்கிறார். களிமண் கட்டியை வழுக்கவிட்டு, கழுவினாலும் போகாத தார்ப்புள்ளியையும் இரும்புத் துகளையும் எடுக்கிறார். காம்பவுண்டு போட்டுக் கீறலின் கரைகளை எடுக்கிறார். பாலிஷ் போட்டு, காம்பவுண்டு விட்டுப்போன நுண்கீறலையும் எடுக்கிறார். மெழுகு என்ற ஒன்றைச் சேர்ப்பது எல்லாம் முடிந்த பிறகுதான். ஆழமான பளபளப்பு வேண்டும் என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வேலையிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். பொட்டு வைத்துவிட்டு முகம் கழுவுவது போன்ற வேலை அது.

களிமண் கட்டி தேவையா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அதன் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். கழுவித் துடைத்த பானெட்டில் வெறுங்கையை வைத்தால் வழவழவென்று இருக்கும். அதே கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு மறுபடி தடவுங்கள்; உப்புத்தாளில் கை வைத்ததுபோல் நறநறக்கும். தோலுக்குத் தெரியாததை அந்தப் பை காட்டிக்கொடுத்துவிடும்.

எடுத்துக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் காரை விட்டேன். ‘மிரர் ஃபினிஷ்’ கொண்டுவருகிறேன் என்று அங்கே ஒருவர் சுழல் இயந்திரத்தைப் பானெட்டின் விளிம்பில் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டார். விளிம்புகளில் பூச்சு மெலிந்து இருக்கும். இயந்திரத்தின் சூடும் அங்கேதான் குவியும். கிளியர் கோட் போய், நிறமும் போய், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்த்தது. அந்த நாணயத்தை எந்த மெழுகாலும் மூட முடியவில்லை. 40 மைக்ரான் என்பது வங்கியில் கிடக்கும் முதல் போன்றது. ஒவ்வொரு முறை பளபளக்கச் செய்யும்போதும் அதில் கொஞ்சம் எடுத்துத்தான் செலவழிக்கிறோம். கிளியர் கோட் பரவலாவதற்கு முந்தைய அம்பாசடர், பத்மினி காலத்தில் இந்தச் செலவு கண்ணுக்கே தெரிந்தது: பாலிஷ் போட்ட துணியில் காரின் நிறம் ஒட்டி வரும். இப்போது துணி வெளுப்பாகவே இருக்கிறது. அதனால் ஒன்றும் போகவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில்தான் நான் சற்றும் எதிர்பாராத ஓர் உறவு கண்ணில் பட்டது. காரின் பளபளப்புக்கு முதல் எதிரி எது? தெருப்புழுதி. அதில் கடினமான பங்கு மணல் துகள், அதாவது படிகச் சிலிக்கா. காலை ஐந்தரை மணிக்கு ஒரே வாளித் தண்ணீரும் பழைய பனியன் துணியுமாக அடுக்குமாடிக் குடியிருப்பின் பத்துக் கார்களைத் துடைத்து முடிப்பவர், பத்துக் கார்களின் மணலையும் பத்துக் கார்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறார். (அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நாம் கொடுக்கும் மாதச் சம்பளத்துக்கு இரண்டாவது வாளி கேட்பது நியாயமில்லை.) அப்படி விழும் கீறல்கள்தாம் வெயிலில் சிலந்தி வலைபோல் தெரிபவை. அவை வட்டமாகப் போடப்பட்டவை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடப்பவை. விளக்கைச் சுற்றி, ஒளிக்குக் குறுக்கே கிடக்கும் கீறல் மட்டும் மின்னுவதால் கண் அவற்றை வளையங்களாகக் கோத்துக்கொள்கிறது.

சரி, சுவருக்குப் பளபளப்பைத் தந்தது எது? வழவழப்பான கூழாங்கல் அல்லது அகேட் கல். அகேட்டும் சிலிக்காதான்! காரைக் கெடுத்த அதே பொருள் சுவரை ஆக்குகிறது. வேறுபாடு பொருளில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. மணல் துகளுக்கு முனை உண்டு, அது கிழிக்கும். உருண்ட கல்லுக்கு முனை இல்லை, அது அமுக்கும். சுண்ணாம்புக்கல்லின் கடினம் மோ அளவையில் 3, அகேட்டின் கடினம் 7ஐ ஒட்டியது. அத்தனை வலியது மெலியதைக் கிழிக்காமல் நீவிக் கொடுக்கிறது என்றால், அது முழுக்க அந்த உருட்சியின் பண்பு. கதை இத்தோடும் முடியவில்லை. இப்போது கார்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் போடும் ‘செராமிக் கோட்டிங்’ என்பதும் சிலிக்கா வழி வந்த பூச்சுத்தான். கீறுவதும் சிலிக்கா, நீவுவதும் சிலிக்கா, காப்பதும் சிலிக்கா.

பளபளப்பாக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பது இயற்பியலாளர்களிடையே பழைய வழக்கு. நுண்ணிய துகள்கள் மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தள்ளுகின்றன என்பது ஒரு கட்சி. ராலே பிரபு அந்தப் பக்கம். தேய்க்கும்போது மேற்பரப்பின் மெல்லிய படலம் பாகுபோல நகர்ந்து பள்ளத்தை நிரப்புகிறது என்பது எதிர்க்கட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெயில்பி இதை முன்வைத்தார். பிற்கால ஆய்வுகள் பெயில்பியின் படலத்தை அவர் சொன்னபடியே ஏற்கவில்லை. ஆனாலும் நம் இரண்டு தொழில்களைப் பார்த்தால், கட்சி பிரித்து உட்கார்ந்ததுபோலவே இருக்கிறது. கார்ப் பாலிஷ் வெட்டும் கட்சி. முட்டைப் பூச்சு நகர்த்தும் கட்சி. ஈரச் சுண்ணாம்பின் நுண் தகடுகள் கல்லின் அடியில் படுத்து, நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, கண்ணுக்குப் பள்ளமே இல்லாத தளமாகின்றன. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு சொற்கள் உண்டு. நமக்கு ‘மெருகு’ என்ற ஒரே சொல்தான். குறையா, நிறைவா என்று எனக்கு முடிவு செய்ய இயலவில்லை.

இனி, பதம். இரண்டு தொழிலின் உயிரும் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

பழைய வீடு ஒன்றைச் செப்பனிட்ட இடத்தில் ஒரு கொத்தனார் சுவரோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பூச்சைக் கரணையால் இழுத்துவிட்டு, நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றார். பிறகு கட்டைவிரல் நகத்தால் மெதுவாகத் தொட்டார். நகம் பதிந்தால் காத்திருக்க வேண்டும். பதியாமல், ஆனால் குளிர்ச்சி மட்டும் விரலில் ஏறினால், வேலை தொடங்கலாம். உள்ளங்கையில் அடங்கும் கல்லை எடுத்துச் சிறு சிறு வளையமாக நீவத் தொடங்கினார். சற்று நேரத்தில் சுவர் வியர்த்தது. உருவகமாகச் சொல்லவில்லை, நெருக்கப்பட்ட சுண்ணாம்பு உள்ளிருந்த நீரை வெளியே தள்ள, முத்து முத்தாகத் துளிகள் அரும்பின. பக்கத்தில் நின்ற பெண் மெல்லிய வேட்டித் துணியால் அதை ஒற்றினார், துடைக்கவில்லை. மறுபடி கல், மறுபடி வியர்வை, மறுபடி ஒற்றல். சுவர் முழுவதும் ஒரே மூச்சில் முடிய வேண்டும். இன்று பாதி, நாளை பாதி என்றால் இணைப்புக் கோடு வாழ்நாளுக்கும் தெரியும்.

காரில் எல்லாம் இதற்கு நேர் எதிர். காத்திருப்பது மட்டும் அதேதான். நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகு, மெழுகை ஒரு கதவு, அரைப் பானெட் என்று பகுதி பகுதியாகத் தடவ வேண்டும். எவ்வளவு மெல்லியதாக என்றால், போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. பிறகு அது மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் மங்கும் வரை காத்திருக்க வேண்டும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு இழுவிக்கொண்டு எண்ணெய்ப் பசையாக நின்றால் இன்னும் ஆகவில்லை. கோட்டுக்குள் மட்டும் பெயிண்ட் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம். கொத்தனாரின் நகமும் கார்க்காரரின் விரலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. ஆனால் ஒருவர் ஈரம் போவதற்குள் முடிக்க ஓடுகிறார். மற்றவர் ஈரம் போகட்டும் என்று நிற்கிறார். பகுதி பகுதியாகச் செய்வது சுவரில் குற்றம், காரில் முறை.

புகழைப் பங்கிடுவதிலும் இரண்டு தொழிலும் ஒரே தவறைச் செய்கின்றன. செட்டிநாட்டில் எந்த வீட்டைச் சுற்றிக் காட்டினாலும் முட்டைக் கணக்கு வந்துவிடும்: இத்தனை ஆயிரம், இத்தனை லட்சம், வண்டி வண்டியாக வந்தது. நண்பர் வீட்டு ஆச்சி எண்ணிக்கைக்குள் போகவில்லை. “பூச்சு முடிஞ்சு ஒரு மாசத்துக்கு முட்டை வாசம் வீட்ட விட்டுப் போகலைன்னு எங்க அய்யா சொல்லுவாக” என்றார். நான் கேட்டவற்றில் நம்பத்தக்க கணக்கு அதுதான். கார் உலகின் முட்டை, கார்னோபா மெழுகு. டப்பாவின் மேல் அந்தப் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ விலையும் அவ்வளவு பெரிதாக இருக்கும். ஆனால் தூய கார்னோபா செங்கல்போல் இறுகியது. உருகவே 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். கரைப்பானும் வேறு மெழுகுகளும் எண்ணெய்களும் சேராமல் அதைப் பெயிண்டின் மேல் தடவவே முடியாது. ‘நூற்றுக்கு நூறு கார்னோபா’ என்று டப்பா சொன்னால், உள்ளே இருக்கும் கார்னோபா தூயது என்று பொருள். டப்பா முழுவதும் கார்னோபா என்று பொருளன்று.

மெழுகு, பூச்சு இரண்டின் மூலப்பொருள்களின் பிறப்பும் இணைத்துப் பார்க்கத் தக்கது. கார்னோபா பிரேசிலின் வடகிழக்கில், சியரா, பியவி மாநிலங்களின் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு பனைவகை. நீண்ட கோடையில் ஓலையின் ஈரம் போய்விடாமல் காக்க அந்த மரமே சுரந்து பூசிக்கொள்வதுதான் இந்த மெழுகு. ஓலையை வெட்டி, உலர்த்தி, அடித்தால் தூளாக உதிரும். குருத்தோலையின் மஞ்சள் மெழுகு முதல் தரம். கிளிஞ்சலோ கடலடியில் ஒரு மெல்லுயிர் தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிய வீடு. வெள்ளைக்கரு, கருவைச் சுற்றிய காப்பு. தன் உடம்பைக் காக்க ஓர் உயிர் செய்துகொண்டதை வாங்கித்தான் நம் சுவருக்கும் நம் காருக்கும் பூசியிருக்கிறோம். வறட்சிக்கு எதிராகப் பனை நெய்த போர்வை சென்னை வெயிலில் நிற்கும் பானெட்டின் மேல் கிடக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

ஒரு தலைகீழ் மாற்றமும் உண்டு. சமையலறைக்குப் போக வேண்டிய முட்டை சுவருக்குப் போயிற்று. காருக்குப் போகும் கார்னோபாவோ நம் வாய்க்குள் வருகிறது. கடையில் வாங்கும் பல மிட்டாய்களின் மேல் மினுங்குவது அதே மெழுகு, உணவுச் சேர்ப்பு எண் 903.

இரண்டையும் வெளியூர்க்காரர்கள் வியந்து துரத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பூச்சுக்கு நெருங்கிய உறவான சென்னைச் சுண்ணப் பூச்சு ஐரோப்பியர் வாயில் ‘சுனாம்’ ஆகி, பளிங்குக்கு நிகர் என்று பேர் வாங்கியது. செயின்ட் ஹெலினாத் தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் உயர்ந்த சாந்து செய்யும் முறையை எழுதி அனுப்ப, 1730களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் அதை வெளியிட்டது. வெல்லமும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் அந்தக் குறிப்பில் வருகின்றன. அறிவியல் இதழில் அடுப்படிச் சாமான் பட்டியல்! மெழுகின் பக்கம் இதற்கு இணை 1935ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ராசைன் நகரத்து ஜான்சன் மெழுகு நிறுவனத்தின் தலைவர் ஹெச். எஃப். ஜான்சன், ‘கார்னோபா’ என்றே பெயரிட்ட சிகோர்ஸ்கி நீர்நில விமானத்தில் பிரேசிலுக்குப் பறந்து, அந்த மரத்தைத் தேடிப்போனார். 1998இல் அவர் மகன் அதே வகை விமானத்தைப் புதிதாகக் கட்டுவித்து அதே பயணத்தைத் திரும்பச் செய்தார். அந்த நிறுவனம் 1886இல் தொடங்கியது மரத்தரை விற்கத்தான். தரை வாங்கியவர்கள் ‘இதை எப்படிப் பராமரிப்பது?’ என்று கேட்கப்போய் மெழுகுக்கு வந்தது. ஆக, காரின் மெழுகும் வீட்டிலிருந்து புறப்பட்டதுதான். தரையிலிருந்து சக்கரத்தின் மேல் ஏறியிருக்கிறது.

சரி, புகழை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மெழுகு என்னதான் செய்கிறது? ஆற்றங்கரைக் கூழாங்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்திருக்கும்போது வெளிறிய கல், நீரில் நனைந்ததும் நிறம் கூடிவிடுகிறது. நீர் நிறத்தைச் சேர்க்கவில்லை. மேற்பரப்பின் நுண் மேடுபள்ளத்தில் சிதறி, வெள்ளைத் திரைபோல் நின்ற ஒளியைத்தான் நீக்கியது. மெழுகும் அப்படியே. அதன் ஒளிவிலகல் எண் 1.45 அளவில், கிளியர் கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், நுண்கீறலில் அது போய் உட்கார்ந்ததும் ஒளிக்கு அங்கே கீறல் இருப்பதே மறந்துவிடுகிறது. ‘ஆழம்’ என்று நாம் சொல்வது, சிதறல் என்ற திரை விலகியதும் நிறம் தடையில்லாமல் தெரிவதைத்தான். வெள்ளைக்கருவின் வேலை இதற்கு ஒப்பானதுதான், ஆனால் உள்ளிருந்து நடப்பது: அதன் புரதம் சுண்ணாம்போடு இறுகி நீர் புகுவதைக் குறைக்கிறது, கரணையும் கல்லும் வழுக்கிச் செல்லவும் உதவுகிறது. மெழுகு பள்ளத்தை மூடுகிறது. வெள்ளைக்கரு பள்ளமே விழாதபடி சாந்தை நடத்துகிறது.

ஆகவே மெழுகை நம்பி ஏமாறுவது எளிது. கீறலை நிரப்பி நிற்கும் மெழுகு நாலு மழையில், சில வார வெயிலில் போனதும் கீறல் அப்படியே திரும்பி வரும். முதலில் பாலிஷால் கீறலைப் போக்கியிருந்தால், மெழுகு போன பிறகும் பளபளப்பில் பெரும்பங்கு நிற்கும். அடுக்கடுக்காக ஐந்தாறு முறை மெழுகு போட்டால் ஆழம் கூடிக்கொண்டே போகும் என்பதும் ஆசைதான். முதல் முறை விட்டுப்போன இடத்தை இரண்டாம் முறை பிடிக்கும். அதற்கு மேல், புதிதாகத் தடவுவதன் கரைப்பான் பழையதையே கரைத்துத் துணிக்குக் கொண்டுவந்துவிடும்.

காலம் என்ற தட்டில் வைக்கும்போதுதான் தராசு ஒரு பக்கம் நன்றாகச் சாய்கிறது. மெழுகு போட்ட நிமிடத்திலிருந்து கார் பளபளப்பை இழக்கத் தொடங்குகிறது. பூச்சு முடிந்த நிமிடத்திலிருந்து சுவர் இறுகத் தொடங்குகிறது: நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உள்வாங்கி மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. ஒன்றுக்குக் காற்றும் வெயிலும் அரிக்கும் பகை. மற்றொன்றுக்குக் காற்று ஊட்டம். ஆனால் சுவருக்குச் சாதகமாக மட்டும் எழுதுவது நியாயமாகாது. காரில் விழுந்த கீறலை ஒரு பிற்பகலில் போக்கிவிடலாம். சுவரில் ஆணி பிளந்த இடத்தை அடையாளம் தெரியாமல் ஒட்டுப்போட எனக்குத் தெரிந்த கொத்தனார்கள் ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. காருக்கு மன்னிப்பு உண்டு. அதனால்தான் என் போன்ற கைப்பழக்கம் இல்லாதவர்களும் அதில் விளையாட முடிகிறது. சுவருக்கு ஆயுள் உண்டு, மன்னிப்பு இல்லை.

செய்கூலி விஷயத்திலும் இரண்டும் தள்ளித்தான் நிற்கின்றன. மெழுகு டப்பா எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். முட்டைப் பூச்சுக்கு ஆள் தேடினால், ‘அந்தக் காலத்துல எங்க தாத்தா செஞ்சாரு’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கிறது. அதே ஊர்களில் நூறாண்டுச் சுவர் மேல் எமல்ஷன் பெயிண்ட் ஏறுவதும் நின்றபாடில்லை. முகம் பார்க்கும் வழவழப்பில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது என்பதால் சில இடங்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அடிக்கிறார்கள். கிளியர் கோட்டைக் கழற்றிவிட்டுக் காருக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பான செயல் அது.

ஆக, என் முடிவு இது. காரில் ஆழமான பளபளப்பு வேண்டுமானால், அதற்கென்று ஒதுக்கிய நான்கு மணி நேரத்தில் மூன்றரை மணியைக் கழுவலுக்கும் களிமண் கட்டிக்கும் பாலிஷுக்கும் கொடுங்கள். மிச்சமிருக்கும் அரைமணியில் எந்த மெழுகைப் போட்டாலும் வித்தியாசம் அதிகம் தெரியாது. சுவருக்கு மெழுகும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம், காய்ந்த மெல்லிய துணி போதும். பழைய வீட்டை வாங்கியவர்களுக்கும் பங்கில் பெற்றவர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: பெயிண்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், கதவுக்குப் பின்னால் இருட்டு மூலையில் ஒரு சாண் அளவுக்குத் தூசு தட்டித் துடைத்து, சுவரோடு கன்னத்தை ஒட்டிச் சாய்வாகப் பார்த்தபடி கைவிளக்கைக் காட்டிப் பாருங்கள். விளக்கு சுவருக்குள் தெரிந்தால், பெயிண்ட் டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.